போன் எங்கே வாங்குவது: ஷோரூமா, கம்பெனிக் கடையா, தெருமுனைக் கடையா, ஆன்லைனா?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பாவுக்குப் போன் வாங்கத் திருச்சியில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். எந்த மாடல் என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தோம். விலை 15,999 ரூபாய். மாடல் பெயரைச் சொன்னதும், "அது இப்ப ஓடறதில்லீங்க மேடம், கம்ப்ளைண்ட் நிறைய வருது, இதப் பாருங்க" என்று வேறொரு போனை எடுத்து அப்பா கையில் வைத்தார் அங்கே நின்ற பையன். அதுதான் வேண்டும் என்றேன். ஸ்டாக் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனவர் வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து அதே வேறொரு போனைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. தம்பி கூப்பிட்டான் என்று நான் வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் பில் போட்டு முடித்துவிட்டார்கள். 18,746 ரூபாய். போன் 15,999, ஸ்கிரீன் பாதுகாப்புத் திட்டம் 1,499, டெம்பர் கிளாஸும் பேக் கவரும் 899, செட்டிங் சார்ஜ் 349. "எல்லாருக்கும் போடறதுதான் மேடம், சார் சரின்னுட்டாரு" என்றார்கள். அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள்கூடக் கணக்கு உதைத்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, "அது இருந்தாத்தான் வாரண்டி உண்டுன்னு சொன்னாங்கம்மா" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

மறுநாளே கோளாறு தெரிந்தது. அப்பா பேசுவது எதிரில் இருப்பவருக்கு விட்டு விட்டுத்தான் கேட்டது. திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போனால், "சர்வீஸ் சென்டர்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். சர்வீஸ் சென்டரில் தீபாவளி முடிந்து வரச் சொன்னார்கள். முடிந்து போனால், "ஏழு நாள் தாண்டிடுச்சு, மாத்தித் தர முடியாது, பிரிச்சு மைக் மட்டும் மாத்தித் தரோம்" என்றார்கள். பத்து நாள் ஆன போனைப் பிரிப்பார்களாம். ஷோரூமுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் நான்கு தடவை நடந்து, நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, பத்தொன்பதாம் நாள்தான் வேறு செட் கைக்கு வந்தது.

இந்தக் கதை உறவில் பரவியதும் கேள்விகள் வர ஆரம்பித்தன. தஞ்சாவூர்ச் சித்தி, எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன், அலுவலகத்தில் தவணையில் வாங்க நினைக்கும் தோழி என்று மூன்று பேருக்கும் ஒரே கேள்வி: "எங்க வாங்கினா விலை கம்மி?" விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே மாடலுக்கு நான்கு இடத்திலும் விசாரித்தால் சில நூறு ரூபாய், மிஞ்சினால் ஓர் ஆயிரம், இரண்டாயிரம் முன்பின் இருக்கும். வாங்கிய மறுநாள் போன் படுத்துக்கொண்டால் யார் முன்னால் போய் நிற்பது, அவர் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவாரா என்பதில்தான் நான்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே அந்தக் கண்ணோட்டத்தில் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, பலகையில் எழுதிய விலையை விடுங்கள், பையிலிருந்து கடைசியாகப் போகும் தொகை எவ்வளவு? கவர், கிளாஸ், பாதுகாப்புத் திட்டம், கார்டு கட்டணம், தவணைக்கான செலவு எல்லாம் சேர்ந்து.

இரண்டாவது, முதல் பத்து நாளுக்குள் கோளாறு வந்தால் மாற்றித் தருவது யார்? எனக்கு இதுதான் தலையாய அளவுகோல். புதுப் போன் வந்த நிலையிலேயே கோளாறாக இருந்தால் அதைக் கடைக்காரர்கள் 'டிஓஏ' என்பார்கள். பல கம்பெனிகளில் அதற்கு நடைமுறை இது: குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் ஏழு நாளுக்குள், கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சோதித்து டிஓஏ சான்று கொடுக்க வேண்டும், அதைக் காட்டினால் கடை வேறு செட் தரும். அந்த நாட்களை யார் வீணடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். எங்கள் விஷயத்தில் கடை ஒரு நாளைத் தின்றது, சர்வீஸ் சென்டர் மீதியைத் தின்றது.

மூன்றாவது, கையில் பிடித்துப் பார்க்க முடியுமா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எழுத்தின் அளவு, பேச்சின் சத்தம், எடை ஆகியவைதான் போன். கேமராவின் மெகாபிக்சல் அப்புறம்.

நான்காவது, பில்லும் வாரண்டியும் சுத்தமாக இருக்குமா?

ஐந்தாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கவுண்டரில் வரும் நெருக்கடியை வாங்கப் போகிறவர் தாங்குவாரா? "வேண்டாம்" என்று மூன்று தடவை சொல்லத் தெரிந்தவருக்கும், ஒரு தடவை சொல்லவே கூச்சப்படுகிறவருக்கும் ஒரே கடை ஒத்துவராது.

ஆறாவது, வாங்கிய பிறகு கை கொடுக்க ஆள் உண்டா? பழைய போனிலிருந்து நம்பர், போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் மாற்றித் தர வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிவிடலாம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது பெரிய விஷயம்.

## பல கம்பெனி போன்களும் விற்கும் பெரிய ஷோரூம்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துக் கம்பெனி போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பில் ஒழுங்காக ஜிஎஸ்டியோடு வரும். பழைய போனை எடுத்துக்கொள்வார்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் சமயத்தில் வங்கிக் கார்டுகளுக்கான தள்ளுபடி ஆன்லைனுக்கு நிகராக இங்கேயும் கிடைக்கும். குளிரூட்டிய இடம், உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் என்று எல்லாம் இருக்கும்.

ஆனால் உள்ளே போனதும் நம்மிடம் பேச வருபவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். சட்டையைப் பாருங்கள். கடைப் பெயர் போட்ட சட்டை என்றால் கடையின் ஆள். ஏதாவது ஒரு போன் கம்பெனியின் பெயர் போட்ட சட்டை என்றால் அவர் ப்ரமோட்டர். அவருக்கு ஊக்கத்தொகை அந்தக் கம்பெனி போன் விற்றால்தான். மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. வேறு கம்பெனி போனைப் பற்றி நீங்கள் கேட்டால், "அது ஹீட் ஆகும் சார்" என்ற பதில் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். அவர்களை அப்படிப் பேச வைக்கும் ஏற்பாட்டின் மேல்தான் கோபம். கடை ஆளாக இருந்தாலும், லாபம் அதிகமான மாடலையும் சீக்கிரம் தள்ள வேண்டிய ஸ்டாக்கையும் விற்கச் சொல்லித்தான் நிறுத்தியிருப்பார்கள்.

அடுத்தது பில்லில் ஏறும் உதிரிகள். போனில் கடைக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். கவர், கிளாஸ், பாதுகாப்புத் திட்டம் ஆகியவற்றில்தான் காசு. அதனால்தான் போனைப் பற்றிப் பேசியதைவிட அதிக நேரம் கவரைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கே மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனி வாரண்டி போனோடு வருவது. கடையின் திட்டம் எதையும் வாங்காவிட்டாலும் அது உண்டு. பாதுகாப்புத் திட்டம் என்பது தனியாக விற்கப்படும் வேறு பொருள். அதைப் பெரும்பாலும் கடையும் போன் கம்பெனியும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று நடத்தும். உடைந்தால் முழுச் செலவையும் ஏற்குமா, நாம் ஒரு பங்கு கட்ட வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை தடவை, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் காட்டாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"இதை எடுத்தால்தான் போன் தருவோம்" என்று ஒரு கடை சொன்னால் அது வெறும் அடாவடி என்பதோடு நிற்காது. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறையாக வரையறுத்து, புகார் கொடுக்க வழி வைத்திருக்கிறது. தீபாவளி சமயத்தில் புது மாடலுக்குத் தட்டுப்பாடு இருக்கும்போது இது நடக்கிறது.

பெட்டியின் மேல் இருக்கும் அதிகபட்ச விலை எல்லா வரிகளும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுவும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் வரி என்று யாரும் ஒரு ரூபாய் கேட்க முடியாது. யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமே, அதாவது பணம் பெறுவதற்காகக் கடைக்காரர் கட்ட வேண்டிய கட்டணமே, இல்லை. ஆகவே "ஜிபே பண்ணா சார்ஜ் வரும்" என்பதும் செல்லாது.

ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் பில்லை எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அல்லது கணினித் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். ஒரு நிமிட வேலை. அன்றைக்கு நாங்கள் செய்யாமல் விட்டது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

எந்த மாடல் என்று இன்னும் முடிவு செய்யாதவர், பலவற்றைப் பிடித்துப் பார்க்க நினைப்பவர், கூடவே "வேண்டாம்" சொல்லத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போகக்கூடியவர் ஆகியோருக்கு ஷோரூம் சரி. வயதானவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

## கம்பெனியின் சொந்தக் கடை

இங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை, ஒரே கம்பெனிதான். விலையும் பெரும்பாலும் அறிவித்த விலையேதான், பேரம் படியாது. ஆனால் எந்தக் கம்பெனி என்று முடிவான பிறகு மற்ற கம்பெனியைக் குறை சொல்லித் திசை திருப்ப ஆள் இல்லை. அந்த நிம்மதிக்கே ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். காட்சிக்கு வைத்த போன்கள் உயிரோடு இருக்கும், எடுத்துப் பேசிப் பார்க்கலாம். பாதுகாப்புத் திட்டம் எடுப்பதாக இருந்தாலும் கம்பெனியே நடத்தும் திட்டம் கிடைக்கும். உடைந்தால் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்பெனியின் பெயர்ப் பலகை இருப்பதால் அது கம்பெனியின் கடை என்று ஆகிவிடாது. பெரும்பாலானவற்றை உள்ளூர் முதலாளி ஒருவர் உரிமம் வாங்கி நடத்துவார். பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்களுக்கு விற்றவர். சிறிய ஊர்களில் இப்படிக் கடை கிடைப்பதும் அரிது. முப்பது, நாற்பதாயிரத்துக்கு மேல் போன் வாங்குகிறவர்களுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

## தெருமுனைக் கடையும் ரிச்சி தெருவும்

ரீசார்ஜுக்குப் போகும் கடை. டெம்பர் ஒட்டும் கடை. சின்னதாக ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுக்கிய காலிப் பெட்டிகள், ஓரத்தில் சூடேறும் சால்டரிங் கம்பி. கடைக்கார அண்ணனுக்கு நம் அப்பா பெயர் தெரியும், நமக்கு அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று தெரியும். ஷோரூமில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: அவர் நாளைக்கும் நம் தெருவில்தான் கடை திறக்க வேண்டும்.

அதனால் கவரைச் சும்மா போட்டுத் தருவார். வாட்ஸ்அப்பை மாற்றித் தருவார். பெரியவர்கள் மாதத்தில் நான்கு தடவை, "தம்பி, சத்தம் வரமாட்டேங்குது" என்று போனால் சைலன்டை எடுத்துவிட்டு அனுப்புவார். இதற்கெல்லாம் பில் கிடையாது. கோளாறான போனை அவரே டிஸ்ட்ரிபியூட்டரிடம் பேசி மாற்றி வாங்கித் தந்ததை என் தோழி வீட்டில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. ஆளைப் பொறுத்தது.

குறை என்ன? ஸ்டாக் குறைவு. கேட்ட நிறம் கிடைக்காது. வங்கித் தள்ளுபடி பல கடைகளில் இருக்காது, ஆகவே திருவிழாக் காலத்தில் விலை கொஞ்சம் கூடவே விழும். முக்கியமான ஆபத்து, "பில் வேணுமாக்கா? பில் இல்லாம எடுத்தா குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்கு மட்டும் மயங்காதீர்கள். பில் இல்லாத போனுக்கு, வாங்கிய தேதி எது என்பதில் தொடங்கித் தகராறுதான். தொலைந்தால் போலீஸில் எழுதிக் கொடுக்கவும் பில் வேண்டும். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம்.

பில் என்றால் துண்டுச் சீட்டில் 'மொபைல் 1' என்று எழுதித் தருவது ஆகாது. மாடல், நினைவக அளவு, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் ஆகியவை இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த எண் 33 என்று தொடங்கும். போனில் *#06# அடித்தால் திரையில் ஐஎம்இஐ வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடையில் நின்றே பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்தக் கம்பெனி, எந்த மாடல் போனுக்குரியது என்று காட்டும்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவைக் கேட்பார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்தத் தெருவில் உதிரி பாகத்துக்கும் ரிப்பேருக்கும் இணையான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. புதுப் போனுக்கும் விலை குறையும். ஆனால் அங்கே வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கென்று வந்த செட்டும் அந்தப் பக்கம் புழங்கும். இந்தியாவில் விற்பதற்கான பெட்டியில் ரூபாயில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் அச்சாகி இருக்கும். இவை இல்லாத பெட்டிக்கு இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காமல் போகலாம். மூவாயிரம் மிச்சம் என்று வாங்கிவிட்டு, டிஸ்ப்ளே போனதும் சொந்தக் காசில் மாற்ற வேண்டியதுதான். விவரம் தெரிந்தவர் போகட்டும். மற்றவர்கள் ரிப்பேருக்கு மட்டும் போகலாம்.

## ஆன்லைன்

2014-இல் ஷாவ்மி இந்தியாவுக்கு வந்தபோது கடையே வைக்காமல் ஆன்லைனில் மட்டும் விற்றது. அதற்குப் பிறகு ஆன்லைனுக்கென்றே தனி வரிசைகளைப் பல கம்பெனிகள் வைத்துக்கொண்டன. சாம்சங்கின் எம் வரிசை 2019-இல் அப்படித்தான் வந்தது. இதனால் வரும் குழப்பம் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் போன், கடையில் ஒரு பெயரிலும் ஆன்லைனில் வேறு பெயரிலும் வேறு விலையிலும் இருக்கும். கடை விலையை ஆன்லைன் விலையோடு ஒப்பிடும்போது பெயரை மட்டும் பார்க்காமல் சிப், நினைவகம், பேட்டரி ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆன்லைனின் பெரிய வரம், யாரும் தோளுக்கு மேல் நின்று பேசுவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நிதானமாகப் படித்து, மறுநாள் மனசு மாறி, அடுத்த வாரம் வாங்கலாம். இரண்டாவது வரம் வங்கிக் கார்டுத் தள்ளுபடி. சரியான கார்டு இருந்தால் விலையில் ஆன்லைனை மற்ற இடங்கள் மிஞ்சுவது கஷ்டம். கார்டு இல்லாதவருக்கு அந்த விலை வெறும் காட்சி.

கோளாறு என்று வந்துவிட்டால்தான் உண்மை தெரியும். 'ஏழு நாள் ரீப்ளேஸ்மென்ட்' என்று போட்டிருக்கும். அது பணம் திரும்பத் தருவதல்ல, வேறு செட் தருவது. சில மாடல்களுக்கு அதற்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர் சான்று கேட்கிறார்கள். வேறு சிலவற்றுக்கு, போனிலேயே ஒரு செயலியை ஏற்றிச் சோதித்து, 'கோளாறு இல்லை' என்று இயந்திரமே தீர்ப்பு சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப முடியாது. ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தில் இருக்கும் திருப்பும் விதியைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போனை மாற்றுவதாக இருந்தால், திரையில் காட்டும் தொகையைக் கையில் வந்த காசாக நினைக்க வேண்டாம். கொண்டுவருபவர் வாசலில் நின்று பார்த்து, ஓரத்தில் கீறல் என்று குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டும் ஒட்டிய முத்திரையும் அதில் தெரிய வேண்டும். வாசலிலேயே திறந்து காட்டும் ஏற்பாடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். திறந்து பார்த்த பிறகே ஓடிபி சொல்லுங்கள்.

கூடைக்குள் நாம் கேட்காத பாதுகாப்புத் திட்டத்தைத் தானாகச் சேர்ப்பது இங்கேயும் உண்டு. ஷோரூமில் செட்டிங் சார்ஜ் போட்டவரின் தம்பி இது. மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்தத் தந்திரத்தைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கின்றன. பணம் கட்டும் திரையில் தொகையைக் கடைசியாக ஒரு முறை பாருங்கள்.

என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தவர், கார்டு உள்ளவர், ஏழு நாளுக்குள் போனை எல்லா விதத்திலும் சோதிக்கக்கூடியவர் ஆகியோருக்கு இதுவே சிறந்தது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஆர்டர் போட்டு அனுப்பிவைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பெட்டி போய்ச் சேரும், அதைப் பிரித்து சிம் போட யார் போவார்கள் என்று யோசித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

## தவணையில் வாங்கினால்

இது நான்கு இடத்துக்கும் பொது. 'வட்டி இல்லாத் தவணை' என்ற பலகைக்குக் கீழே நிற்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடும். அந்த வட்டித் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்.

உதாரணத்துக்கு, 24,000 ரூபாய் போனுக்கு மாதம் 4,000 என்று ஆறு தவணை. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்தால் இதில் வட்டி ஏறக்குறைய 1,016 ரூபாய். அதற்குத் தள்ளுபடி வந்துவிடும். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 183 ரூபாய், நம் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 418 ரூபாய் கூடுதல். இது தாங்கக்கூடிய தொகைதான். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்கு இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு. அதைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

கடைக்குள் மேசை போட்டிருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் இன்னும் உஷாராக இருங்கள். கையில் டேப்லெட், "ஓடிபி சொல்லுங்க, இன்னொண்ணு வரும் சொல்லுங்க" என்று வேகமாக நடக்கும். ஒவ்வோர் ஓடிபியும் ஒரு கையெழுத்து. கடனோடு ஒரு காப்பீடு, ஒரு கார்டு என்று சேர்ந்து வரலாம். 2024 அக்டோபர் முதல், கடன் தருபவர் மொத்தச் செலவையும் ஆண்டுச் சதவீதத்தையும் ஒரே தாளில் முக்கிய விவர அறிக்கையாகத் தந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு ஓடிபி சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஷோரூம் | கம்பெனிக் கடை | தெருமுனைக் கடை | ஆன்லைன் |
|---|---|---|---|---|
| கடைசித் தொகை | உதிரிகள் ஏறும் | அறிவித்த விலை | சற்றுக் கூடும், பேரம் உண்டு | கார்டு இருந்தால் குறைவு |
| ஆரம்பக் கோளாறு | அலையவிடலாம் | ஓரளவு சுலபம் | ஆளைப் பொறுத்தது | விதியைப் பொறுத்தது |
| பிடித்துப் பார்ப்பது | மிக நன்று | நன்று, ஒரே கம்பெனி | கொஞ்சம் | இல்லை |
| பில், வாரண்டி | சரியாக இருக்கும் | சரியாக இருக்கும் | கேட்டு வாங்க வேண்டும் | விற்பவர் பெயர் பார்க்க வேண்டும் |
| நெருக்கடி | அதிகம் | குறைவு | குறைவு | திரையில் மட்டும் |
| பிறகு உதவி | பெயருக்கு | உண்டு | மிக நன்று | இல்லை |

## தகராறு வந்தால்

எங்கே வாங்கினாலும் கோளாறு தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லுங்கள். கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ, பில் படத்தோடும் கோளாறின் வீடியோவோடும் ஒரு செய்தி. "நேத்தே வந்து சொன்னேனே" என்பதற்கு அத்தாட்சி இல்லை. அந்த ஏழு நாள் கெடு எங்களுக்கு எதிராகத் திரும்பியது இதனால்தான்: நான் வாயால் சொன்னேன், அவர்கள் கணினியில் ஏற்றவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். "விடுமுறை முடிஞ்சு வாங்க" என்றாலும், இன்று வந்ததாகப் பதிந்து தாளைக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் கீழே அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது.

அடுத்த படி 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. புகார் எண் தருவார்கள், நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு ஷோரூம் மேலாளரிடமிருந்து முதல் மரியாதையான அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆன்லைன் நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் விதி.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். போன் விலைக்கெல்லாம் கட்டணமே கிடையாது. ஐந்து லட்சம் வரை இலவசம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் பதியலாம். இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

## கேட்ட மூன்று பேருக்கும்

எதிர்வீட்டுப் பையனுக்கு எந்த மாடல் என்று தெரியும், அவன் அண்ணனிடம் கார்டு இருக்கிறது. ஆன்லைனில் வாங்கச் சொல்லிவிட்டேன், பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு.

அலுவலகத் தோழிக்கு நாற்பதாயிரம் ரூபாய் போன், கேமராவுக்காக. கம்பெனிக் கடைக்குப் போய்ப் பிடித்துப் பார்த்து, தன் வங்கிக் கார்டிலேயே தவணை போடச் சொன்னேன். கடைக்குள் இருக்கும் ஃபைனான்ஸ் மேசைப் பக்கம் போக வேண்டாம் என்றேன்.

சித்திக்கு அறுபத்தொரு வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் வெளியூர். "ஷோரூம்ல ஏசி இருக்குமேடி" என்றாள். அவள் தெருவிலேயே பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கும் தம்பியிடம் வாங்கச் சொன்னேன். ஆன்லைனைவிட அறுநூறு ரூபாய் கூட. முழு பில், ஐஎம்இஐ எண்ணோடு, தருவதாக அவர் போனில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அப்பாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பணம் கட்டும் முன் பில்லை அவர்தான் வாசிப்பாராம், வரி வரியாக, சத்தமாக.